கோழி வலைப் பனி மனிதன்

இன்று காலை டிரை பெண்ட் ஊர் இரும்புக் கடையில் நான் சந்தித்தது ட்வைலா ஹௌசரை. ஒரு சுருள் கோழி வலை, ஒரு கட்டுக் கம்பி, வெள்ளைப் படுக்கை விரிப்புகள். எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் திணித்துக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் நின்றிருந்தார். கடைக்காரர் கிளிஃப் சும்மா விடுவாரா?

“என்ன ட்வைலா, ரிட்டயர் ஆகிக் கோழிப் பண்ணை வைக்கப் போறியா?”

“ஒரே ஒரு கோழிதான். ஆறடி உயரம். முட்டையும் போடாது, கொத்தவும் கொத்தாது.”

கிளிஃப் விழுந்து விழுந்து சிரித்தார். ட்வைலா சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு அவரை விட்டுப் போக மனசு வரவில்லை. வலைச் சுருளை அவருடைய வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். பதிலுக்கு எதிர்க் கடையில் காபி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காபி ஆறி ஏடு கட்டும்வரை அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். எழுதலாமா என்று கேட்டதற்கு, “எழுது. ஆனா என்னை நல்லவளாக்கிடாதே” என்றார். முடிந்தவரை பார்க்கிறேன்.

டிரை பெண்டில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவது ஊருக்கு வடக்கே இருக்கும் வேலியால்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதை இங்கே யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வளாகம் என்றாலே எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில் அரசாங்கம் அணுகுண்டுக்கு மருந்து காய்ச்சிய இடம். காய்ச்சி மிஞ்சிய கழிவைப் பள்ளம் வெட்டிக் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடினார்கள். இப்போது அதே அரசாங்கம் அதே பள்ளங்களைத் திறந்து அள்ளிக்கொண்டிருக்கிறது. எப்போது முடியும் என்று கேட்டால் அதிகாரிகள் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள். ட்வைலாவின் அப்பா அந்த நாளில் கழிவு லாரி ஓட்டியவர். “எங்கப்பா கொட்டினதை நான் வாருறேன், குடும்பத் தொழில்” என்று ட்வைலா எந்த விருந்துக்குப் போனாலும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அது போன வருஷம் வரை.

ட்வைலா வாருவது மண்ணை அல்ல, செடியை. இந்தப் பக்கத்துப் பொட்டல் முழுக்க உருள்முள் என்று ஒரு செடி. அதன் வேர் இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கும். மூடிவைத்த பள்ளத்துக்குள்ளும் போய், அங்கே கிடப்பதையும் உறிஞ்சிக்கொண்டு மேலே பச்சையாகச் சிரிக்கும். குளிர் தொடங்கினால் காய்ந்து, தண்டு ஒடிந்து, முழுச் செடியும் ஒரு பந்தாகச் சுருண்டு காற்றோடு கிளம்பிவிடும். நம் ஊர்க் கடற்கரையில் ராவணன் மீசை மணலில் உருண்டு ஓடுமே, அதை இருபது முப்பது மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். சோபா அளவுப் பந்துகூட உண்டு. காரை ஓட்டிக்கொண்டு போகும்போது ஒன்று முன்னால் வந்து விழுந்தால் உயிர் ஒரு நிமிஷம் நின்று வரும்.

அதில் பெரும்பாலானவை வெறும் முள். எப்போதாவது ஒன்று ‘சூடாக’ இருக்கும். அப்படித்தான் வளாகத்தில் சொல்வார்கள். தொட்டால் சுடாது. கதிர்வீச்சை அளக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் டிக் டிக் என்று பேசும். அதனால் குத்தித் தூக்கும் இரும்புக் கவையும் லாரியுமாக ஒரு குழு வருஷம் முழுக்க வளாகத்துக்குள் முள் பந்து பிடித்துக்கொண்டே இருக்கிறது. ட்வைலா அதில் மூத்தவர். அந்தக் குழுவில் கருவி பிடிப்பவர் ரூபன் காசரெஸ், வயது குறைவு, வாய் ஜாஸ்தி. முதலில் கருவி, அப்புறம் கவை. அளக்காமல் எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் காய்ந்த முள்ளெல்லாம் உதிர்ந்து இருக்கிற இடத்தையும் கெடுக்கும், போகிற வழியையும் கெடுக்கும். புதிதாக வந்தவர்கள் மறந்துபோய்க் கவையை நீட்டினால் ட்வைலா போடும் சத்தம் பக்கத்து மேட்டில் கேட்கும் என்று ரூபன் சொல்வார்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு, அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. வேலை நடக்கும்போது யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கையைத் தூக்கி ‘நிறுத்து’ என்று சொல்லலாம். நேற்று சேர்ந்த ஆள் சொன்னாலும் சரி, அத்தனை இயந்திரமும் நிற்கும். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் முறைக்கக் கூடாது. ட்வைலாவின் கை அதற்குப் பேர்போனது. ஒரு தடவை லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குளவிக் கூட்டைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஈர மண்ணைக் குளவி எங்கிருந்து எடுத்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? மத்தியானம் வரை வேலை நின்றது. கூட்டில் ஒன்றுமில்லை. ஆனாலும் மேற்பார்வையாளர் டேல் விட்காம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போது பனி மனிதனுக்கு வருகிறேன். டிரை பெண்டில் குளிர் உண்டு, பனி நிற்காது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முள் பந்தில் பனி மனிதன் செய்வார்கள். பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று பந்தை ஒரு இரும்புக் கம்பியில் குத்தி நிறுத்தி, வெள்ளைச் சாயம் பீச்சி, பழைய தொப்பியும் கழுத்துத் துணியும் சுற்றிவிட்டால் முடிந்தது. ஊரிலேயே நல்ல பனி மனிதன் ட்வைலா வீட்டு வாசலில்தான் நிற்கும் என்பார்கள். முள்ளின் போக்கைப் பார்த்துத் திருப்பி வைப்பதில் அவருக்கு ஒரு கை இருந்தது.

வளாகத்துக்குள் இருந்து ஒரு குச்சிகூட வெளியே வரக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும், ட்வைலாவும் ஒரு நாளும் அதை மீறியதில்லை. அவர் எடுப்பது வேலிக்கு வெளியே, கோதுமை வயல் சாலை திரும்புகிற இடத்தில். இங்கே குளிர்காலக் காற்று தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். வயலில் முளைத்த முள் பந்தெல்லாம் ஊர்ப் பக்கத்திலிருந்து உருண்டு வந்து வேலிக் கம்பியில் சாய்ந்து நிற்கும். அவை வயல் மண்ணில் வளர்ந்தவை, வளாகத்தின் வாசனையே படாதவை. “காத்தும் நம்ம பக்கம்தான் சம்பளம் வாங்குது” என்பது குழுவில் ஒரு பேச்சு. அந்தக் காற்றை நம்பித்தான் எல்லாம்.

போன வருஷம் ட்வைலாவின் அக்கா மகள் கெண்ட்ரா, லூத்தரன் சர்ச்சின் பின்கூடத்தில் டே கேர் ஆரம்பித்தாள். அனுமதி வாங்குவதற்குள் அவள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அவளுக்கு ட்வைலா என்றால் அம்மாவுக்கும் ஒரு படி மேல். டே கேர் முற்றத்துக்கு இந்தத் தடவை ஒரு பனி மனிதன் வேண்டும் என்று கேட்டாள். கேட்கவா வேண்டும்?

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ட்வைலா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை திரும்பி வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு சாலைத் திருப்பத்துக்குப் போனார். மற்ற வருஷங்களில் பந்துகள் கம்பியில் பின்னிக்கொண்டிருக்கும், பிய்த்து எடுப்பதற்குள் கை கிழியும். அன்றைக்கு அப்படியில்லை. வேலியைவிட்டுத் தள்ளி, சாலையோரப் பள்ளத்தில் உதிரியாகக் கிடந்தன. பரவாயில்லையே, இந்த வருஷம் சுலபமாக வருகிறதே என்று ட்வைலா சந்தோஷப்பட்டார். உருண்டையாக, அழகாக மூன்றைப் பொறுக்கி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் முற்றத்தில் நிறுத்திவிட்டு வந்தார். குழந்தைகள் திங்கள் காலையில்தான் முதல்முதலாகப் பார்ப்பார்கள். பார்க்கிறபோது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று கெண்ட்ராவும் அவரும் சிரித்துப் பேசிக்கொண்டார்கள்.

திங்கள்கிழமை வேலை தொடங்கும் முன், வழக்கமான காலைக் கூட்டம். கொட்டகையில் கையில் காபியோடு எல்லோரும் நின்றிருந்தார்கள். டேல் சொன்னார்: விடுமுறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் காற்று திரும்பிவிட்டது. இரண்டு நாள் வடக்கிலிருந்து அடித்திருக்கிறது. வளாகத்துப் பந்துகள் வேலியின் உள்பக்கம் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, சாய்தளம் மாதிரி ஏறிவிட்டன. பின்னால் வந்தவை அதன்மேல் உருண்டு வேலியைத் தாண்டி வெளியே விழுந்துவிட்டன. கோதுமை வயல் சாலைத் திருப்பத்தில் ரூபன் விடியும் முன்பே போய் அளந்தார். கருவி பேசுகிறது.

ட்வைலாவின் கையில் இருந்த காபி அப்படியே நின்றது. வேலியைவிட்டுத் தள்ளி, பள்ளத்தில், உதிரியாக. கம்பியில் சாய்ந்திருந்தால் தெற்கிலிருந்து வந்தது, தள்ளி விழுந்திருந்தால் வடக்கிலிருந்து தாண்டியது. இதைப் படித்துச் சொல்ல அவருக்கு ஒரு பார்வை போதும். பார்க்கத்தான் பார்த்தார். பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

கூட்டத்தின் முடிவில் டேல் எப்போதும்போல, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். எல்லோரும் பழக்கத்தில் ட்வைலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர் ஒன்று சொல்லாமல் விட்டதில்லை.

ட்வைலா காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடத்துக்கு இன்னைக்குக் காய்ச்சல் போல. டாக்டரைக் கூப்பிடுங்கப்பா” என்றார் ரூபன். சிரிப்போடு கூட்டம் கலைந்தது.

ஏன் வாயைத் திறக்கவில்லை? இதை அவர் என்னிடம் சொல்லும்போது மேஜையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தை மடித்து மடித்துப் பொடியாக்கிவிட்டார். கெண்ட்ராவின் டே கேர் மூடப்படும் என்று நினைத்தாராம். அடுத்து, தன் வேலை. அதற்கும் அடுத்து, ‘ட்வைலாவா? அந்த ட்வைலாவா?’ என்று ஊர் கேட்கும் கேள்வி. “இதுல எது முதல்ல வந்துதுன்னு கேக்காதே. வரிசையை மாத்திச் சொல்லிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு” என்றார்.

அன்று காலை முழுக்க அதே சாலைத் திருப்பத்தில்தான் வேலை. வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு ரூபனுக்குப் பக்கத்தில் கவையோடு நின்றார். ரூபன் அளக்க, ட்வைலா தூக்க, இன்னொருவர் பையில் கட்ட. நடுவில், ஏதோ பொழுது போகாமல் கேட்பதுபோல, இந்தக் குவியலில் எத்தனை சூடு இருக்கும் என்று கேட்டார். ரூபன் தோளைக் குலுக்கினார். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, மிச்சமெல்லாம் சுத்தம் என்றார். ட்வைலாவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே என்று அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது.

நூற்றுக்கு ஒன்று. நம்முடையது வெறும் மூன்று. அப்பாவும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாரோ? மேலேதான் மண் இருக்கிறதே என்பார் அவர், லாரியைக் கழுவிக்கொண்டே.

மத்தியானம், விடுமுறையில் மிஞ்சிய வான்கோழிக் கறி வைத்த ரொட்டியை அப்படியே மூடி வைத்தார். பல் வலி என்று டேலிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு டே கேருக்கு வண்டியை விட்டார். வண்டியில் தார்ப்பாய் இருந்தது. குழந்தைகள் தூங்கும் நேரம். பனி மனிதனைத் தார்ப்பாயில் சுற்றித் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவது, கெண்ட்ராவிடம் எறும்பு பிடித்துவிட்டது என்று சொல்லிவிடுவது. வழியெல்லாம் இதையே ஒப்பித்துக்கொண்டு போனார்.

முற்றத்தில் அது அழகாக நின்றது. காலையில் குழந்தைகள் யாரோ அதன் கழுத்துத் துணியை ஒருபக்கமாக இழுத்துவிட்டிருந்தார்கள். கீழ்ப் பந்தில் சின்னச் சின்னக் கைகள் பட்டுப் பட்டு வெள்ளைச் சாயம் உதிர்ந்திருந்தது. ட்வைலா தார்ப்பாயை விரித்தார். கம்பியைப் பிடித்து லேசாக அசைத்ததும் முள் பொலபொலவென்று புல்லில் உதிர்ந்தது. கை நின்றுவிட்டது. எந்தப் புது ஆள் இப்படிச் செய்தாலும் பக்கத்து மேட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிறவர் அவர்.

அதற்குள் கெண்ட்ரா கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. போனை நீட்டினாள். காலை விளையாட்டு நேரத்தில் எடுத்த படம். ஓட்டிஸ் என்று ஒரு வாண்டு, பச்சைக் கையுறையோடு பனி மனிதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

“இவன் என்ன சொன்னான் தெரியுமா ஆன்ட்டி? ‘இந்த மாமா ஷேவ் பண்ணவே இல்ல, குத்துறாரு’ங்கறான். விடவும் மாட்டேங்கறான், கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.”

ட்வைலா படத்தைப் பெரிதாக்கிக் கையுறையைப் பார்த்தார்.

“ரெண்டு அம்மாங்க கேட்டாங்க, முள்ளு எங்கேர்ந்து வந்துதுன்னு. எங்க ஆன்ட்டி செஞ்சதுன்னு சொன்னேன். அப்புறம் யாரும் வாயைத் திறக்கல. இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாததா?” தார்ப்பாய் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. “அது எதுக்கு?”

எறும்பு என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டதாம். எறும்பு என்று சொன்னால் பனி மனிதன் போய்விடும், கையுறை போகாது. ஓட்டிஸ் அதே கையுறையோடு வீட்டுக்குப் போவான், தம்பி முகத்தைத் தொடுவான், சோபாவில் உட்காருவான். அதை யார் அளப்பார்கள்?

ட்வைலா கையைத் தூக்கினார். வளாகத்தில் தூக்குகிற மாதிரியே, உள்ளங்கையை விரித்து, தலைக்கு மேலே. கெண்ட்ராவுக்கு அந்தச் சைகையின் அர்த்தம் தெரியாது. சர்ச் முற்றத்தில் ஒரு பொம்பளை காரணமில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

“உள்ள போ. பசங்க ஒருத்தரையும் வெளிய விடாதே, வீட்டுக்கும் அனுப்பாதே. யாரோட கோட்டையும், கையுறையையும் தொடாதே. நான் போன் பண்ணணும்.”

கெண்ட்ராவின் சிரிப்பு எப்படி இறங்கியது என்பதை அவர் என்னிடம் சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

வளாகத்து வண்டிகள் வந்தன. வெள்ளை மேலங்கி போட்டவர்கள் சர்ச் முற்றத்தைக் கயிறு கட்டி மறித்தார்கள். பெற்றோர்கள் ஓடிவந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் வளாகத்தில் வேலை செய்கிறவர்கள். அதனால் யாரும் கூச்சல் போடவில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களின் அமைதி அது, கூச்சலே தேவலை என்றிருந்தது ட்வைலாவுக்கு. ரூபன் மண்டியிட்டுக் குழந்தைகளின் உள்ளங்கை, ஷூ, தலைமுடி என்று ஒவ்வொன்றாக அளந்தார். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. கை நீட்டி வரிசையில் நின்றார்கள். என் கை பாடவில்லையே என்று ஒரு பெண் குழந்தை வருத்தப்பட்டது.

எல்லாக் கையும் சுத்தம். எல்லா முகமும் சுத்தம். தலைப் பந்தும் நடுப் பந்தும் சுத்தம். கீழ்ப் பந்தில், தண்டு ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில், கருவி மெதுவாக டிக் டிக் என்றது. அப்புறம் ஓட்டிஸின் ஒரு பச்சைக் கையுறையில். ஒன்றில் மட்டும். மிகக் கொஞ்சம், உடம்புக்கு எதுவும் வராது என்று கூட வந்த டாக்டர் அவன் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கையுறையை மஞ்சள் பையில் போட்டுக் கட்டியதும் ஓட்டிஸ் அழ ஆரம்பித்தான். அதுவரை யாரும் அழவில்லை. அவன் அழுதது கையுறைக்காக.

ரூபன் கருவியை அணைத்துவிட்டு ட்வைலாவுக்கு எதிரில் வந்து நின்றார். கேலி எதுவும் இல்லை. “காலைலேர்ந்து உன் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன் ட்வைலா. கையில கருவியோட. ஒரு வார்த்தை.” அவ்வளவுதான் சொன்னார். போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு கெண்ட்ரா படியில் உட்கார்ந்திருந்தாள். காற்று திரும்பியது, பந்து வேலியைத் தாண்டியது எல்லாவற்றையும் ட்வைலா சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். இது யார் தப்பும் இல்லையே என்றுகூட ஒரு கட்டத்தில் சொன்னாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம். கெண்ட்ராதான் திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

“காலைல.”

“காலைலன்னா?”

“வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. கூட்டத்துல சொன்னாங்க.”

கெண்ட்ரா முற்றத்தைப் பார்த்தாள். புல்லை வெட்டி எடுத்திருந்த இடம் செவ்வகமாக, மண்ணாகத் தெரிந்தது.

“அப்ப ஒரு குழந்தைகூட வந்திருக்கலையே ஆன்ட்டி. கதவே திறக்கல நான்.”

பந்தைத் தப்பாக எடுத்ததற்கு ட்வைலா தன்னை எப்போதோ மன்னித்துவிட்டார். கண் ஏமாறும், காற்று திரும்பும். ஆனால் அந்தப் பச்சைக் கையுறை அந்தப் பந்தைத் தொட்டது அவர் கவையோடு ரூபன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நேரத்தில். அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் குத்துகிறது.

டே கேர் குளிர்காலம் முடியும்வரை மூடிக் கிடந்தது. மண்ணை மாற்றி, மறுபடியும் மறுபடியும் அளந்து, வசந்தத்தில்தான் திறக்க விட்டார்கள். சில குடும்பங்கள் திரும்பி வரவில்லை. ட்வைலாவைக் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னார், பல் வலி உட்பட. திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே குழு, அதே கவை. ரூபன் பேசுகிறார், ஆனால் கேலி செய்ய வெகு நாளானது. கேலி எப்போது திரும்பி வரும் என்று தினமும் காத்திருந்ததாகச் சொன்னார் ட்வைலா. குடும்பத் தொழில் என்ற பேச்சை அவர் விட்டுவிட்டார்.

பச்சைக் கம்பளி நூல் வாங்கி ஒரு ஜோடிக் கையுறை பின்னினார். அதை எடுத்துக்கொண்டு ஓட்டிஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். அவன் அம்மா கோபப்படவில்லை. ரொம்ப மரியாதையாக, “அவனுக்கு வேற வாங்கிட்டோம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தும் முன் உள்ளே அவன் சிரிக்கும் சத்தம் கேட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் ட்வைலாவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

கெண்ட்ரா இத்தனை மாசமும் போனை எடுத்தால் எடுப்பாள், இல்லாவிட்டால் இல்லை. போன வாரம் அவளாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள். ட்வைலா அதை எனக்குக் காட்டினார். ‘போன வருஷம் இருந்த பசங்க பனி மனுஷன் எங்கேன்னு கேக்கறாங்க.’ அதற்குக் கீழே வேறொன்றும் இல்லை. செய் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. ட்வைலா அன்றைக்கே பதில் எழுதினார்: முள் இல்லாமல் செய்கிறேன், கடையில் வாங்கியதை வைத்து, எல்லோர் கண் முன்னாலும். ரூபனிடமும் போய்க் கேட்டார், கருவியை எடுத்து வந்து குழந்தைகளுக்கு முன்னால் அளந்து காட்ட முடியுமா என்று. கோழி வலையை அளப்பதா என்று ரூபன் புருவத்தைத் தூக்கியிருக்கிறார்.

“கோழி வலை டிக் டிக்குன்னா கிளிஃப் கடையையே மூடிடுவாங்க. பரவால்லையா மேடம்?”

மேடம். ஒரு வருஷம் கழித்து. அதை என்னிடம் சொல்லிவிட்டு ட்வைலா ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

வருகிற ஞாயிறு, பிரார்த்தனை முடிந்ததும், லூத்தரன் சர்ச் பின்முற்றத்தில் அதை நிறுத்துகிறார்கள். உடம்பு கோழி வலை, தோல் படுக்கை விரிப்பு. கைகளின் நுனியில், தான் பின்னிய அந்தப் பச்சைக் கையுறைகளை மாட்டப் போகிறார். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் கை வேடிக்கையாக இருக்கும் என்றேன். “இருக்கட்டும். யாராவது ஏன்னு கேப்பாங்கல்ல” என்றார்.

அதனால் இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போய்ப் பாருங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. கையுறை ஏன் இவ்வளவு சிறியது என்று ட்வைலாவிடமே கேளுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார். சொல்ல வேண்டும் என்றுதான் அங்கே நிற்கப் போகிறார். தூரத்தில் இருக்கிறவர்கள், உங்கள் வீட்டில் யாராவது வேலிக்குள் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், எந்த ஊர் வேலியாக இருந்தாலும் சரி, நாளைக் காலைக் கூட்டத்துக்கு அவர்கள் கிளம்பும் முன் இதை அனுப்பிவிடுங்கள்.